விட்டது கட்லா, வருவது ஜிலேபி: குத்தகை ஏரியில் தூண்டில் போடுபவருக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஊர் ஏரியை மீன்பாசி (மீன் பிடிக்கும் உரிமை) குத்தகைக்கு எடுத்தவர், காசு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போட விடுகிறார். கட்லா, ரோகு, கெளுத்தி எல்லாம் விட்டிருப்பதாகச் சொல்கிறார். நான்கு வாரமாக மண்புழு கோத்துப் போட்டும் விரல் நீள ஜிலேபி (திலாப்பியா) மீனைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு முறை பெரிதாக ஏதோ இழுத்துத் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. எந்த இரை போட்டால் பெரிய மீன் வரும்? நீங்கள் கேட்டது இரையைத்தான். ஆனால் சிக்கல் அதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அந்த மீன்கள் தண்ணீரில் எந்த மட்டத்தில் மேய்கின்றன, கடித்த மீன் ஏன் கைக்கு வரவில்லை, இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகுதான் இரையைப் பற்றிப் பேசிப் பயன்.

வளர்ப்பவர்கள் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்தே விடுவதற்குக் காரணம், மூன்றும் ஒரே இடத்தில் சாப்பிடாது என்பதுதான். மீனைக் கையில் வைத்து வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கட்லாவின் கீழ்த்தாடை முன்னே துருத்தி, வாய் மேல்நோக்கித் திறக்கும். தனக்கு மேலே மிதக்கும் நுண்ணுயிர்களை உறிஞ்சி வடிகட்டித் தின்னும் வாய் அது. ரோகுவின் வாய் சிறியது, சற்றே கீழ்நோக்கியது, உதட்டோரம் துணி ஓரம் பிரிந்ததுபோல் இழை இழையாக இருக்கும். நடுத்தண்ணீரில் அழுகிய இலையையும் பாசியையும் சுரண்டும். மிர்கால் அடிமண்ணில் மேயும். பல ஏரிகளில் இவற்றோடு சாதா கெண்டையும் உண்டு. அது சேற்றைக் கிளறித் தின்பது, வாயோரம் இரண்டு ஜோடிக் குட்டி மீசை இருக்கும். முதல் மூன்றும் வடஇந்திய ஆற்று மீன்கள். தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. 1957-ல் ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்த பிறகுதான் இவற்றின் குஞ்சுகள் பண்ணையில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கின. தூண்டில்காரருக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது: உங்கள் ஏரியில் எந்த அளவு கட்லா இருக்கும் என்பது எப்போது குஞ்சு விட்டார்கள் என்பதைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பி, அதன்பிறகு விரல் நீளக் குஞ்சு விட்டிருந்தால், தை மாதத்தில் என்ன இரை போட்டாலும் ஒரு கிலோ மீன் வராது. நல்ல தீனி கிடைக்கும் குளத்திலேயே கட்லா ஒரு கிலோவை எட்ட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். போன வருடம் வற்றாமல் தங்கிய மீன் இருக்கிறதா என்று குத்தகைக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

மண்புழுவுக்கு வருவோம். மண்புழு கெட்ட இரை இல்லை. அதை முதலில் பார்ப்பது ஜிலேபி என்பதுதான் பிரச்சினை. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீன் தானே குஞ்சு பொரித்துப் பெருகும். கரையோர ஆழமில்லாத தண்ணீர் முழுக்க அதுதான். நீங்கள் போடுவது கரையிலிருந்து நாலு மீட்டருக்குள், தக்கைக்குக் கீழே இரண்டடி ஆழத்தில் என்று நினைக்கிறேன். அப்படியானால் ஜிலேபியின் பந்தியில் இலை போட்டுவிட்டுக் கட்லாவுக்குக் காத்திருக்கிறீர்கள்.

ஆகவே முதல் வேலை ஆழம் பார்ப்பது. தூண்டில் முள்ளில் 20 கிராம் ஈயக்குண்டு ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, மீன் பிடிக்க நினைக்கும் இடத்தில் போடுங்கள். தக்கை மூழ்கிப்போனால் ஆழம் நீங்கள் வைத்ததைவிட அதிகம். தக்கையை மேலே நகர்த்துங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் ஆழம் குறைவு, கீழே இறக்குங்கள். நுனி மட்டும் தெரிய நிமிர்ந்து நின்றால், தக்கையிலிருந்து முள் வரையுள்ள நீளம்தான் ஆழம். அந்த இடத்தில் நரம்பின் மேல் ஒரு வண்ண நூலைக் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் ‘அடியில் போட்டேன்’, ‘நடுவில் போட்டேன்’ என்று சொல்வதெல்லாம் ஊகம். மிர்காலுக்கும் சாதா கெண்டைக்கும் இரை தரையைத் தொட வேண்டும். ரோகுவுக்குத் தரையிலிருந்து ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை உயர்த்தலாம், தரையிலும் அது எடுக்கும். கட்லாவுக்கு மேலிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டர்.

அடுத்தது மீனைக் கூட்டுவது. முள்ளில் இருக்கும் இரையைவிட, அதைச் சுற்றி நீங்கள் தூவும் தீனிதான் கெண்டை வகைகளை வரவழைக்கும். கடலைப் புண்ணாக்கு அரைக் கிலோவை லேசாக வறுத்து இடித்து, அரிசித் தவிடு அரைக் கிலோ, பொட்டுக்கடலை மாவு கால் கிலோ சேருங்கள். ஏரித் தண்ணீரையே தெளித்துப் பிசையுங்கள், ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். பிசைந்து பத்து நிமிடம் விட்டால் புண்ணாக்கு தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிறகு இன்னும் கொஞ்சம் தெளிக்கலாம். பதம் புட்டுக்கு மாவு பிசைவதுபோல: பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கரைந்து கலங்கினால் சரி. கல்மாதிரிக் கிடந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, தவிடு சேருங்கள். தொடக்கத்தில் ஆரஞ்சு அளவு உருண்டை ஐந்து, அதன்பின் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எலுமிச்சை அளவு ஒன்று, எல்லாம் ஒரே இடத்தில். பலர் தவறுவது இங்கேதான். ஒன்று இடமாகவும் இன்னொன்று வலமாகவும் விழுந்தால் மீன்கூட்டம் சிதறிவிடும். எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைக் குறிவைத்து எறியுங்கள். அள்ளி அள்ளிப் போடுவதும் கெடுதல்தான். வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தேடி வராது, மிஞ்சிய புண்ணாக்கு அடியில் அழுகித் தண்ணீரையும் கெடுக்கும். மேலே சொன்ன அளவே அரை நாளுக்குத் தாராளம்.

கட்லாவுக்கு மட்டும் முறை வேறு. அது கடித்துத் தின்னும் மீன் இல்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும் மீன். அதனால் முள்ளில் கெட்டியாக மாவு உருட்டி வைத்தால் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காது. கடையில் ‘ஸ்பிரிங்’ என்று கேட்டால் கம்பிச் சுருள் ஒன்று தருவார்கள். அதைச் சுற்றி மேற்சொன்ன மாவை எலுமிச்சை அளவு அழுத்தி, விரல் நீள நரம்பில் தொங்கும் 6-ஆம் எண் முட்கள் இரண்டு மூன்றை மாவின் ஓரத்தில் செருகித் தக்கையின் கீழே தொங்கவிட வேண்டும். மாவு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, புகைபோல ஒரு கலங்கல் உண்டாகும். அந்தக் கலங்கலை உறிஞ்ச வரும் கட்லா முள்ளையும் சேர்த்து உறிஞ்சிவிடும். பத்து, பதினைந்து நிமிடத்தில் மாவு முழுதும் உதிர வேண்டும். உதிர்ந்ததும் எடுத்து மறுபடி பிடித்துப் போடுங்கள், வெறும் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஆறு, எட்டு முள் வைத்துக் கட்டுவதையும் பார்க்கலாம். அதை நான் பரிந்துரைப்பதில்லை. வாயில் மாட்டாமல் வயிற்றிலும் கண்ணிலும் குத்திக் காயப்பட்டுத் தப்பும் மீன்தான் அதிகமாகும்.

ரோகு, மிர்காலுக்கு மைதா இரண்டு பங்கு, பொட்டுக்கடலை மாவு ஒரு பங்கு, சப்பாத்தி மாவைவிடச் சற்று இறுக்கமாகப் பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி 8-ஆம் எண் முள்ளில் முனை மட்டும் தெரிய வையுங்கள். (முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறிதாகும், 1-ஐத் தாண்டினால் 1/0, 2/0 என்று பெரிதாகிக்கொண்டே போகும்.) ஜிலேபி கொத்திக் கரைத்துவிடுகிறதென்றால் மாவை இட்லிச் சட்டியில் பத்து நிமிடம் அவித்தெடுங்கள், ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதுவும் போதாதென்றால் கொண்டைக்கடலை. இரவு முழுக்க ஊறவைத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு வேகவைத்தது. சாதா கெண்டைக்கு இதைவிட நல்ல இரை சொல்வது கடினம். கடலையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நூலில் தொங்கவிடுவது இங்கிலாந்துக்காரர்கள் பரப்பிய வழி. கெண்டைக்கு வாயில் பல் கிடையாது, தொண்டையில்தான் அரைக்கும் பல். எதையும் முதலில் உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பும். கடலை நூலில் தொங்கினால் உறிஞ்சும்போது முள் தடையில்லாமல் உள்ளே போகும், துப்பும்போது உதட்டில் மாட்டும்.

கடி எப்படித் தெரியும் என்பதிலும் வேறுபாடு உண்டு. ரோகு என்றால் தக்கை இரண்டு மூன்று முறை நடுங்கிப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும், அப்போது சுண்டுங்கள். மிர்கால், சாதா கெண்டை அடியிலிருந்து இரையை எடுத்துத் தலையை நிமிர்த்தும்போது கடைசிச் சிறு ஈயமும் தூக்கப்படும். தக்கை மூழ்காமல் மேலெழுந்து படுத்துக்கொள்ளும். ‘மூழ்கட்டும்’ என்று காத்திருந்தால் போச்சு. இந்தக் கடி தெளிவாகத் தெரிய வேண்டுமானால், கடைசி ஈயம் முள்ளுக்கு நாலு விரற்கடைத் தூரத்தில் தரையில் கிடக்க வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம். விடியற்காலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்து, ‘நல்ல மேய்ச்சல் நேரம்’ என்று அவசர அவசரமாகத் தூண்டில் போடுவார்கள். அது மேய்ச்சல் இல்லை, மூச்சுத்திணறல். பச்சைப் பசேலென்ற ஏரியில் பாசி பகலில் ஆக்சிஜன் தரும், இரவு முழுக்க அதுவே எடுத்துக்கொள்ளும். விடியும்போது தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். அப்போது மீன் எதையும் தின்னாது. வெயில் ஏறி ஒன்றிரண்டு மணிநேரம் கழித்து, எட்டு, ஒன்பது மணிவாக்கில் மேய்ச்சல் தொடங்கும். மாலை நாலு மணிக்கு மேல் இன்னொரு நல்ல நேரம். காற்றே இல்லாத மூடுபனி நாளிலும் மந்தாரமான நாளிலும் இதே மூச்சுமுட்டல் பகல்வரை நீளலாம். அன்று புண்ணாக்கு வீசினால் நிலைமை இன்னும் மோசமாகும். குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவது உத்தமம்.

இடம் என்று பார்த்தால், நம் ஏரிகளில் மண்ணால் உயர்த்திக் கட்டிய கரைப்பக்கம்தான் ஆழம், தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் பக்கம் மேடு. மதகை ஒட்டிய பள்ளம், கரைக்கு மண் வெட்டிய குழி, இவை கோடையில் மீன் ஒதுங்கும் இடங்கள். காற்று உங்கள் முகத்தில் அடிக்கும் கரையில் உட்காருங்கள். மிதக்கும் நுண்ணுயிர்களைக் காற்று அந்தப் பக்கம்தான் ஒதுக்கும், கட்லாவும் பின்னாலேயே வரும். ஏரிக்குள் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட கருவேல மரங்கள் இருந்தால் அவற்றின் ஓரம் மீன் நிச்சயம் உண்டு, முள் சிக்குவதும் நிச்சயம். பத்து மீட்டராவது தள்ளிப் போட்டு, மீனை அங்கே தீனியால் வரவழையுங்கள்.

இப்போது அந்த அறுந்த நரம்பு. மிச்சமிருக்கும் நுனியை எடுத்துப் பாருங்கள், என்ன நடந்தது என்று அதுவே சொல்லும். பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்காவிட்டால் உராய்வுச் சூட்டில் நைலான் பலம் இழக்கும், சுற்றும் குறைவாகப் போட்டிருப்பீர்கள். நுனி சொரசொரப்பாக, வெளுத்து இருந்தால் கல்லிலோ கட்டையிலோ உரசியது. இழுபட்டு மெலிந்து போயிருந்தால் தாங்கும் பலத்துக்கு மேல் இழுத்திருக்கிறீர்கள், அதாவது ரீலின் டிராக்கை (எவ்வளவு இழுத்தால் ரீல் நரம்பை விட வேண்டும் என்று அமைக்கும் திருகு) இறுக்கி வைத்திருந்தீர்கள். கெண்டைக்கு 0.30 முதல் 0.35 மில்லிமீட்டர் நரம்பு போதும். டிராக் அளவு வைக்கக் கை நிதானத்தை நம்ப வேண்டாம். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நரம்பில் கட்டி, கம்பால் தூக்குங்கள். பாட்டில் தரையை விட்டு எழும் நேரத்தில் ரீல் நரம்பை விடத் தொடங்க வேண்டும். வெயிலில் கிடந்த நைலான் நைந்துபோகும், ஒரு பருவத்துக்கு மேல் அதே நரம்பை வைத்திருக்காதீர்கள். மூங்கில் கம்பில் ரீல் இல்லாமல் போடுகிறீர்களென்றால் மீன் ஓடும்போது விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மீனுக்கு அது சரிவராது. கரைக்கு வந்த மீனை நரம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. கெண்டையின் உதடு மென்மையானது, கிழிந்துவிடும். கைவலையைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மீனை அதன்மேல் இழுத்து வாருங்கள். வலையைக் கொண்டு மீனைத் துரத்தினால் கடைசி ஓட்டத்தில் அறுத்துக்கொண்டு போகும்.

கெளுத்தி விஷயத்தில் ஒரு சந்தேகம் இருக்கிறது. கெண்டைக் குஞ்சு விட்ட ஏரியில் கெளுத்தியை யாரும் மனமறிந்து விட மாட்டார்கள், அது குஞ்சைத் தின்னும். ஆகவே மூன்றில் ஒன்று: தானாக இருக்கும் நாட்டுக் கெளுத்தி, குஞ்சுகளோடு கலந்தோ திருட்டுத்தனமாகவோ வந்த ஆப்பிரிக்கக் கெளுத்தி, அல்லது பங்காசியஸ் என்ற வளர்ப்பு மீனை ‘கெளுத்தி’ என்று சொல்கிறார். படம் பார்க்காமல் எதுவென்று நான் சொல்ல முடியாது. பங்காசியஸ் வெள்ளிப் பளபளப்பும் சிறிய தலையும் கொண்டது, அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும், தீவனக் குச்சிக்கும் மாவுக்கும் வரும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தட்டையான எலும்புத் தலை, நாலு ஜோடி மீசை, முதுகு முழுக்க நீண்ட துடுப்பு. நம் நாட்டு வகையிலும் கிட்டத்தட்ட இதே தோற்றம் கொண்ட ஒன்று உண்டு, சிறு வயதில் பிரித்தறிவது கடினம். மூன்று நான்கு கிலோ இருந்தால் ஆப்பிரிக்க வகை என்றே எடுத்துக்கொள்ளலாம். அதை வளர்ப்பதை ஒன்றிய அரசு 2000-ஆம் ஆண்டே தடை செய்துவிட்டது. சிக்கினால் திரும்ப ஏரியில் விடாதீர்கள், வேறு குளத்துக்கு உயிரோடு எடுத்துப் போகவும் வேண்டாம்.

கெளுத்தி வகைக்கு உடம்பெல்லாம் சுவை மொட்டுகள். கண்ணை நம்பாமல் வாசனையை நம்பி வரும் மீன். அதனால்தான் கலங்கல் தண்ணீரும் இருட்டும் அதற்குச் சாதகம்: மழை பெய்து புதுத் தண்ணீர் வரும் நாட்களும், பொழுது சாய்ந்தபின் முதல் இரண்டு மூன்று மணிநேரமும். இரைக்குக் கோழிக்குடல், ஈரல், இறால், மீன்துண்டு. ஈரல் எறியும்போதே பிய்ந்துவிடும், தையல் நூலால் ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டுங்கள். துளையுள்ள 30 கிராம் ஈயத்தை 0.40 மில்லிமீட்டர் நரம்பில் ஓடவிட்டு, ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதிலிருந்து ஒன்றரை அடித் துண்டு நரம்பில் 1/0 முள். மீன் இரையை எடுத்துப்போகும்போது ஈயத்தின் பாரம் தெரியாமல் நரம்பு துளை வழியாக ஓடும். அதற்கு டிராக்கைத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பே ஏரிக்குள் போய்விடும். வாளை உள்ள ஏரியாக இருந்தால் அந்தத் துண்டு மட்டும் 0.60 மில்லிமீட்டர் இருக்கட்டும், அதன் பற்கள் மெல்லிய நரம்பை அறுக்கும்.

ஏலக்காய், வெண்ணிலா எசன்ஸ், சந்தைகளில் விற்கும் ‘ரகசியப் பொடி’, அமாவாசையில் கடி அதிகம் என்பது, இவற்றையெல்லாம் உறுதியென்று சொல்ல மாட்டேன். வாசனை மீனை ஈர்க்கும் என்பது உண்மை. இந்த எசன்ஸ்தான் ஈர்க்கிறது என்று சொல்பவர்கள், அதே நாளில் எசன்ஸ் இல்லாத மாவைப் பக்கத்தில் போட்டுப் பார்த்திருப்பது அரிது. வறுத்த புண்ணாக்கின் வாசனையே போதும் என்பது என் கணிப்பு.

கெளுத்தி கையில் வந்ததும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள். முதுகில் ஒன்றும் இரு பக்கத் துடுப்பில் ஒவ்வொன்றுமாக மூன்று முட்கள் விறைத்துப் பூட்டிக்கொண்டு நிற்கும், ஓரத்தில் ரம்பப்பல் உண்டு. ஈரத்துணியால் தலையை அழுத்திப் பிடித்துக் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்தியவுடன் கடுகடுவென்று வலிக்கும், தேளி என்ற கெளுத்தி இனம் குத்தினால் இன்னும் கடுமை. காயத்தைக் கழுவி, தோல் பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கையை வையுங்கள். விஷப் புரதம் சூட்டில் செயலிழப்பதால் வலி தணியும். அடுத்த கை மரத்திருக்காது, தண்ணீரின் சூட்டை அந்தக் கையால் பார்த்துவிட்டு வையுங்கள். முள் முனை உள்ளே ஒடிந்திருந்தாலோ, வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ மருத்துவமனைக்குப் போய் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.